வாசலும் மொழியும்: ரஷ்யப் பல்கலைக்கழகங்களும் நாமும்

(ஹைதராபாத் போவன்பள்ளியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவியவர் பாலாநகர் ஐ.டி.பி.எல். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மேடையில் தம் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. ஆண்டுக்கொரு முறை கல்வி பற்றி யாராவது பேச வேண்டும், பொத்தாம்பொதுவாகப் பேசக் கூடாது. அவர் வைத்த நிபந்தனை இவ்வளவுதான். அதற்குக் கட்டுப்பட்டு ரஷ்யாவின் பல்கலைக்கழகங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ரஷ்யாவுக்கும் போவன்பள்ளிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் இங்கிருந்து பாலாநகர் வரை ஒரு நடை போய்வரலாம். ஐ.டி.பி.எல். 1961-இல் தொடங்கிய பொதுத்துறை மருந்து நிறுவனம். சோவியத் உதவியோடு மூன்று ஆலைகள் எழுந்தன: ரிஷிகேஷில் ஆன்டிபயாட்டிக், ஹைதராபாத்தில் செயற்கை மருந்துகள், சென்னை நந்தம்பாக்கத்தில் அறுவைச் சிகிச்சைக் கருவிகள். அதே பாலாநகரில் விமானங்கள் செய்யும் ஹெச்.ஏ.எல். நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. மிக்-21 விமானத்தின் உடல் நாசிக்கில், எஞ்சின் கோராபுட்டில், மின்னணுக் கருவிகள் ஹைதராபாத்தில் என்று வேலையைப் பிரித்துக்கொண்ட காலத்தில் வந்த ஆலை அது. அந்த மதில்களுக்குள் ரஷ்ய நிபுணர்கள் வந்தார்கள். நம் ஆட்கள் அங்கே போய்ப் பயின்று வந்தார்கள். ஐ.டி.பி.எல். 1990-களில் நலிந்துபோனது உண்மை. ஆனால் அங்கே வேலை கற்றவர்கள் வெளியே வந்து தொடங்கிய கம்பெனிகளால்தான் ஹைதராபாத் மருந்து நகரமானது. 1984-இல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அஞ்சி ரெட்டியும் அந்த ஆலையில் வேலை பார்த்தவரே. அந்த ஆலையை நான் ஒரு கல்லூரியாகத்தான் பார்க்கிறேன்; பட்டம் கொடுக்காத கல்லூரி.

இன்று நகரத்துச் சாலைகளில் வேறு பலகைகள் தொங்குகின்றன. ‘ரஷ்யாவில் எம்.பி.பி.எஸ்., டொனேஷன் இல்லை, ஆங்கில வழி, இந்திய மெஸ்.’ ஒரு தலைமுறைக்கு முன் ரஷ்யாவிடமிருந்து ஆலையையும் புத்தகத்தையும் வாங்கினோம். இப்போது சீட்டு வாங்குகிறோம். இன்று நான் சொல்ல வந்தது இந்த மாற்றத்தைப் பற்றி. ரஷ்யப் பல்கலைக்கழகத்துக்குள் ரஷ்ய மொழி வழியாக நுழைந்தவர்களுக்கு அது அள்ளிக் கொடுத்திருக்கிறது. மொழியை வாசலில் விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு அங்கே கிடைப்பது மிகக் குறைவு.

வாசல் என்றதும் லோமோனோசோவை நினைக்காமல் இருக்க முடியாது. வடகோடியில், வெள்ளைக் கடலுக்குப் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பையன். 1730 டிசம்பரில், மீன் ஏற்றிப் போன வண்டிகளோடு மாஸ்கோவுக்குப் புறப்பட்டான். வயது 19. அங்கே இருந்த ஸ்லாவ்-கிரேக்க-லத்தீன் அகாதெமியில் குடியானவர் பிள்ளைகளுக்கு இடமில்லை. பிரபுவின் மகன் என்று பொய் சொல்லிச் சேர்ந்தான். சாதிச் சான்றிதழுக்குத் தாசில்தார் அலுவலகத்தில் காத்துக்கிடந்த அனுபவம் உள்ளவர்களுக்கு அந்தப் பொய்யின் கனம் புரியும். அந்தப் பையன்தான் பிறகு வேதியியலிலும் இயற்பியலிலும் மொழியிலும் ரஷ்யாவின் முதல் பெரிய அறிஞரானார். அவருடைய திட்டத்தை அரசவையில் செல்வாக்குள்ள ஷுவாலோவ் கையிலெடுக்க, 1755-இல் மகாராணி எலிசபெத் ஆணையிட்டு மாஸ்கோ பல்கலைக்கழகம் பிறந்தது. தத்துவம், சட்டம், மருத்துவம் என்று மூன்று புலங்கள். ஐரோப்பியப் பழக்கத்துக்கு மாறாக இறையியலுக்குப் புலம் கிடையாது. இன்று அதன் பெயரிலேயே லோமோனோசோவ் இருக்கிறார். பண்ணையடிமைகள் மட்டும் அப்போதும் வெளியேதான் நின்றார்கள். எஜமானர் விடுதலை கொடுத்தால்தான் உள்ளே வரலாம்.

தொடக்கத்தில் அங்கே பாடம் லத்தீனில் நடந்தது. பேராசிரியர்களில் பெரும்பாலோர் ஜெர்மானியர். லோமோனோசோவின் மாணவர் பொப்போவ்ஸ்கி தத்துவத்தை ரஷ்ய மொழியில் சொல்லிக்கொடுக்க முடியும் என்று வாதாடி அப்படியே நடத்தியும் காட்டினார். அறிவியலுக்கு ரஷ்ய மொழி போதாது என்று அன்று சொன்னவர்கள் உண்டு. நூறு ஆண்டு கழித்து மெந்தெலேயெவின் வேதியியல் பாடநூலை ஐரோப்பியர்கள் ரஷ்யனிலிருந்து மொழிபெயர்த்துப் படித்தார்கள்.

இந்தப் பேச்சை ஹைதராபாத்தில் உட்கார்ந்து கேட்பதில் ஒரு பொருத்தம் உண்டு. உஸ்மானியா பல்கலைக்கழகம் 1918-இல் உருதுவைப் பயிற்றுமொழியாகக் கொண்டு நிறுவப்பட்டது. மருத்துவமும் பொறியியலும்கூட உருதுவில் நடந்தன. அதற்கென்றே மொழிபெயர்ப்புத் துறை ஒன்று நூல்களைப் பெயர்த்துத் தள்ளியது. நிஜாம் ஆட்சி போனதும் அதுவும் போயிற்று. உருது இங்கே எல்லோருடைய வீட்டு மொழியும் அல்ல, தெலுங்கு மாணவர்களுக்கு அது இன்னொரு மதில் என்ற குறையையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஓர் இந்திய மொழியில் டாக்டர் படிப்பு நடத்த முடியும் என்பதை இந்த ஊர் முப்பது ஆண்டு செய்து காட்டியது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழில் தொடங்கியபோது எழுந்த சிரிப்பை நானும் கேட்டிருக்கிறேன். சிரித்தவர்களுக்கு உஸ்மானியாவும் தெரியவில்லை, மாஸ்கோவும் தெரியவில்லை.

நான் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன். ஆகவே மெந்தெலேயெவிடம் கொஞ்சம் தங்கிவிட்டுப் போகிறேன். சைபீரியாவில் தொபோல்ஸ்க் ஊரில் 1834-இல் பிறந்தவர். தகப்பனார் இறந்துவிட்டார், தாய் நடத்திய கண்ணாடித் தொழிற்சாலை எரிந்து போயிற்று. கையிலிருந்ததைத் திரட்டிக்கொண்டு, கடைசி மகனைப் படிக்க வைத்தே தீருவது என்று அந்தத் தாய் 1849-இல் மாஸ்கோவுக்கு அழைத்து வந்தார். அந்த வழியில் அப்போது ரயில் கிடையாது. ஆயிரம் மைலுக்கு மேல் குதிரை வண்டிப் பயணம். மாஸ்கோ பல்கலைக்கழகம் சேர்க்க மறுத்தது. தொபோல்ஸ்க் பிள்ளைகள் கசானில்தான் சேர வேண்டும் என்பது விதி. விதி என்றால் விதி! தாய் அங்கிருந்து பீட்டர்ஸ்பர்குக்குப் போனார். 1850-இல் ஆசிரியர் பயிற்சிக் கழகம் ஒன்றில் மகனுக்கு இடம் கிடைத்தது. அதே ஆண்டில் தாய் இறந்துபோனார். 1869-இல் மகன் தனிம அட்டவணையை வெளியிட்டார்.

கதை இத்தோடு முடியவில்லை. 1863-ஆம் ஆண்டுச் சட்டம் ரஷ்யப் பல்கலைக்கழகங்களுக்குத் தன்னாட்சி தந்திருந்தது. 1884-ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பறித்தது. 1887-இல் கல்வி அமைச்சர் தெல்யானோவ் ஒரு சுற்றறிக்கை விட்டார். வண்டிக்காரர், வேலைக்காரர், சமையற்காரி, சலவைக்காரி, சில்லறைக் கடைக்காரர் ஆகியோரின் பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளிகளில் குறைக்க வேண்டும் என்பது அதன் சாரம். பல்கலைக்கழகத்துக்கு வழி அந்தப் பள்ளி ஒன்றுதான்; அதை அடைத்தால் எல்லாம் அடைபட்டது. ‘சமையற்காரி பிள்ளைகள் சுற்றறிக்கை’ என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். அதே ஆண்டில் யூத மாணவர்களுக்கு உச்சவரம்பு வந்தது: யூதர்கள் வாழ அனுமதித்த பகுதிகளில் 10 சதவீதம், வெளியே 5, தலைநகரங்களில் 3. நம் ஊரில் ஒதுக்கீடு வெளியே நின்றவர்களை உள்ளே கொண்டுவர வந்தது. அங்கே வந்தது உள்ளே வந்துகொண்டிருந்தவர்களை வெளியே நிறுத்த. 1890-இல் மாணவர்கள் கொடுத்த கோரிக்கை மனுவை மெந்தெலேயெவ் அதே தெல்யானோவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். மனு திரும்பி வந்தது. மெந்தெலேயெவ் பேராசிரியர் பதவியை விட்டு வெளியேறினார்.

1887 டிசம்பரில் கசான் பல்கலைக்கழகம் ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்ட ஒரு சட்ட மாணவரை நீக்கியது. பெயர் விளாதிமிர் உல்யானோவ். முப்பது ஆண்டு கழித்து அவர் லெனினாக ஆட்சிக்கு வந்தார். 1918 ஆகஸ்டில் அவர் கையெழுத்திட்ட ஆணை, 16 வயது நிறைந்த எவரும் சான்றிதழ் எதுவும் காட்டாமல் பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்றது. கட்டணமும் கிடையாது. கூட்டம் வந்து குவிந்தது. பாடம் புரியாமல் கலைந்தும் போனது. ஆணை போட்டால் வாசல் திறக்கும், பாடம் புரியுமா? அடுத்த ஆண்டே ‘ரப்ஃபாக்’ என்ற தொழிலாளர் புலங்களைத் தொடங்கினார்கள். ஆலையில் வேலை செய்தவர்களுக்கு எழுத்து, கணக்கு, இயற்பியல் என்று ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொடுத்துப் பல்கலைக்கழகத்துக்குத் தயார்செய்யும் இடம். என்னைக் கேட்டால், சோவியத் கல்வியின் உண்மையான சாதனை 1918 ஆணை அல்ல, இந்த ரப்ஃபாக்தான்.

சோவியத் உயர்கல்வியின் அமைப்பு நம்முடையதிலிருந்து முற்றிலும் வேறு. பல்கலைக்கழகம் என்ற பெயருள்ளவை குறைவு. மற்றவை எல்லாம் இன்ஸ்டிடியூட்: ரயில்வேக்கு ஒன்று, விமானத்துக்கு ஒன்று, சுரங்கத்துக்கு ஒன்று, எண்ணெய்க்கு ஒன்று, மருத்துவத்துக்குத் தனி. ஒவ்வொன்றுக்கும் மேலே ஓர் அமைச்சகம். ஆராய்ச்சி பெரும்பாலும் அறிவியல் அகாதெமியிடம் போய்விட்டது. அதை மீண்டும் பாடத்தோடு சேர்க்கத்தான் கபீட்சா போன்றவர்கள் 1946-இல் ஃபிஸ்தெக் என்னும் இயற்பியல்-தொழில்நுட்பக் கழகத்துக்கு வித்திட்டார்கள். சைபீரியாவில் நோவோசிபிர்ஸ்க் அறிவியல் நகரத்துக்குள் 1959-இல் பல்கலைக்கழகம் வைத்தார்கள். படித்து முடித்தவருக்கு வேலையை அரசே ஒதுக்கும். சொன்ன ஊருக்குப் போய் மூன்று ஆண்டு வேலை செய்ய வேண்டும். ‘ரஸ்ப்ரெதெலேனியே’ என்று பெயர். நம் பிள்ளைகள் கேட்டால் பொறாமைப்படுவார்கள். ஊர் பெயரைக் கேட்டால் பொறாமை போய்விடும். பலருக்குப் பனிக்காட்டில் ஏதோ ஓர் ஊர்.

அந்தக் கல்வியின் உள்ளே போய்ப் பார்க்க ஒரு தேர்வு அறையைக் காட்டுகிறேன். இன்றும் பெரும்பாலும் இப்படித்தான். மேசையில் சீட்டுகள் கவிழ்த்து வைத்திருக்கும். ‘பிலேத்’ என்பார்கள். மாணவர் உள்ளே வந்து, ‘ஸச்சோத்கா’ என்ற சின்னக் கையடக்க மதிப்பெண் புத்தகத்தை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு ஒரு சீட்டை எடுக்க வேண்டும். அதில் இரண்டு மூன்று கேள்விகள். பின் பெஞ்சில் உட்கார்ந்து வெள்ளைத் தாளில் குறிப்பு எழுதிக்கொள்ளலாம். கொஞ்ச நேரத்தில் அழைப்பு வரும். எதிரே உட்கார்ந்து வாயால் சொல்ல வேண்டும். சொன்னதிலிருந்து ஆசிரியர் ஒரு கேள்வி கேட்பார், அதிலிருந்து இன்னொன்று. மனப்பாடம் இரண்டாவது கேள்வியில் தீர்ந்துபோகும். மூன்றாவதில் முழி பிதுங்கும். ஐந்துக்கு ஐந்து என்றால் மிக நன்று. இரண்டு என்றால் தோல்வி. அதை ஸச்சோத்காவில் எழுதுவதில்லை, புத்தகத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வெளியே நிற்பவர்களுக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

இந்த முறையில் சலுகையும் உண்டு, வன்மமும் உண்டு. எதிரே உட்கார்ந்திருப்பவர் நினைத்தால் நல்ல மாணவரையும் கவிழ்க்கலாம். 1970-களில் மாஸ்கோ பல்கலைக்கழகக் கணிதப் புலத்தின் நுழைவுத் தேர்வில் யூத மாணவர்களுக்கு நடந்தது அதுதான். அவர்களுக்கென்றே கேள்வி வைத்திருந்தார்கள்: விடை சுருக்கமாக இருக்கும், கண்டுபிடிப்பது மகா கடினம். கேட்டால், எளிய கேள்விதானே என்று விடையைக் காட்டலாம். அப்படித் தள்ளப்பட்டவர்களுக்காகப் பெல்லா சுபோதோவ்ஸ்கயா என்ற கணித அறிஞர் 1978-இல் தம் வீட்டிலேயே வகுப்புத் தொடங்கினார். பெரிய கணித மேதைகள் வந்து சம்பளம் இல்லாமல் பாடம் எடுத்தார்கள். ‘யூத மக்கள் பல்கலைக்கழகம்’ என்று பின்னாளில் பெயர் வந்தது. யூதர் அல்லாதவர்களும் அங்கே படித்தார்கள். 1982-இல் கே.ஜி.பி. உள்ளே புகுந்தது. அதே ஆண்டு ஓர் இரவில் வாகனம் மோதி அவர் இறந்தார். ரஷ்யக் கல்வியைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் இந்தப் பெண்மணியைப் பற்றி ஒரு சொல்லாவது சொல்லாமல் மேடையை விட்டு இறங்கக் கூடாது என்பது என் கருத்து.

இனி நம்மைப் போன்ற நாட்டவர்களுக்குச் சோவியத் நாடு திறந்த வாசல். 1960-இல் மாஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் தொடங்கியது. மறு ஆண்டு, கொல்லப்பட்ட காங்கோ தலைவர் பத்ரீஸ் லுமும்பாவின் பெயரை அதற்கு வைத்தார்கள். சோவியத் போனபின் 1992-இல் பெயரை எடுத்தார்கள். 2023-இல் திரும்பவும் சூட்டியிருக்கிறார்கள். ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகளுக்குக் கல்வி இலவசம், உதவித்தொகை வேறு. இலங்கையிலிருந்து தமிழர்களும் சிங்களவர்களும் போனார்கள். மருத்துவம் படிக்க 1960-இல் போன ரோஹண விஜேவீர 1964-இல் ஊருக்கு வந்தார். திரும்பிப் போக விசா கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டில், பின்னாளில் ஆயுதக் கிளர்ச்சியில் இறங்கிய ஜே.வி.பி. கட்சியைத் தொடங்கினார். ஒரு விசா கிடைத்திருந்தால் இலங்கை வரலாறு எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். யோசிக்க மட்டும்தான் முடியும்.

லுமும்பாவிலும் பிற இடங்களிலும் வெளிநாட்டு மாணவருக்கு முதல் ஆண்டு முழுக்க ரஷ்ய மொழிதான். ‘பொத்ஃபாக்’ என்ற தயாரிப்புப் புலம். காலையில் எழுத்து, மத்தியானம் உச்சரிப்பு, மாலையில் விடுதி அறையில் வேறு நாட்டுக்காரரோடு அரைகுறை ரஷ்யனில் சண்டை. அந்த ஓராண்டை வீண் என்று யாரும் நினைக்கவில்லை. அதைக் கடந்தவர்கள் ரஷ்ய மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள், அதே சீட்டை எடுத்தார்கள், அதே ஆசிரியரிடம் வாயால் பதில் சொன்னார்கள். எல்லாம் இனிப்பாக இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். 1963 டிசம்பரில் கானா நாட்டு மாணவர் ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து ஆப்பிரிக்க மாணவர்கள் செஞ்சதுக்கத்திலேயே ஊர்வலம் போனார்கள். 2003 நவம்பரில் அந்தப் பல்கலைக்கழக விடுதி ஒன்று தீப்பிடித்து 40-க்கும் மேற்பட்ட வெளிநாட்டு மாணவர்கள் மாண்டார்கள்.

போகாதவர்களுக்குப் புத்தகம் வந்தது. அச்சிட்டவை மாஸ்கோவின் மீர், முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா. விற்றவை தமிழ்நாட்டில் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ், ஆந்திரத்தில் விசாலாந்திரா. மாஸ்கோவிலேயே தங்கி ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் போன்றவர்கள் தமிழாக்கம் செய்தார்கள். கெட்டி அட்டை, நல்ல தாள், கையைக் கடிக்காத விலை. மாஸ்கோ பொறியியல்-இயற்பியல் கழகத்து ஆசிரியர் இரோதோவின் இயற்பியல் கணக்குப் புத்தகத்தை அமீர்பேட் கோச்சிங் பிள்ளைகள் இன்றும் கட்டிப்பிடித்துக்கொண்டு திரிகிறார்கள். அந்தப் புத்தகம் அந்தத் தேர்வு அறையின் குழந்தை: கணக்கு இரண்டு வரி, யோசனை இரண்டு மணி. புத்தகம் மட்டுமல்ல, ஐ.ஐ.டி. பம்பாய் 1958-இல் தொடங்கியபோது யுனெஸ்கோ வழியாக வந்தது சோவியத் உதவி. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் கூட்டுறவில் எழுந்தது. கூடங்குளத்துக்கு 1988-இல் ஒப்பந்தம் போட்டார்கள்; 2013-இல் முதல் உலை மின்சாரம் கொடுத்தது.

ரஷ்யர்கள் நம்மிடம் படிக்க வந்ததையும் சொல்லியாக வேண்டும். அலெக்சாந்தர் மெர்வார்த் தம் மனைவியோடு 1914 முதல் 1918 வரை இலங்கையிலும் இந்தியாவிலும் சுற்றினார். திரும்பிப் போய் லெனின்கிராத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தார். 1929-இல் பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் எழுதி வெளியிட்டார். 1930-இல் கைது, 1932-இல் கைதிகள் முகாமில் சாவு. பிறகு வந்த தமிழறிஞர் செம்யோன் ரூதின் தம்மைச் ‘செம்பியன்’ என்றே அழைத்துக்கொண்டார். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அலெக்சாந்தர் துபியான்ஸ்கி பல பத்தாண்டுகள் தமிழ் கற்பித்தார். சங்க இலக்கியத்தின் சடங்கு, தொன்ம வேர்களைப் பற்றி ஆராய்ந்தார். 2010 கோவை செம்மொழி மாநாட்டுக்கு வந்திருந்தார். 2020 நவம்பரில் கொரோனாவில் காலமானார். அவர் தமிழை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்துவிட்டுத் தமிழறிஞர் ஆகவில்லை. சென்னைக்கு வந்து, நம்மோடு நம் மொழியில் பேசிக் கற்றார். நாமோ அவருடைய நாட்டுக்கு ஆறாண்டு படிக்கப் போகிற பிள்ளையிடம், ரஷ்யன் தேவையில்லை, ஆங்கிலம் போதும் என்று சொல்லி விமானம் ஏற்றுகிறோம்.

மருத்துவச் சீட்டுக்கு வருகிறேன். 2024-இல் நீட் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கு மேல். நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துச் சொச்சம். அதில் அரசுக் கல்லூரி இடங்கள் பாதியை ஒட்டி. மேனேஜ்மெண்ட் சீட்டுக்கும் டீம்டு பல்கலைக்கழகத்துக்கும் முழுப் படிப்புக்கு ஒரு கோடி வரை போகும், தாண்டியும் போகும். ரஷ்யாவில் ஊருக்கு ஊர் மாறினாலும் விடுதியோடு சேர்த்துப் பெரும்பாலும் அதில் மூன்றில் ஒரு பங்கு. நிலத்தை விற்றாவது, நகையை அடகு வைத்தாவது அனுப்பும் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். இங்கே இடம் இருந்தால் அவர்கள் ஏன் கூர்ஸ்க்குக்கும் வோல்கோகிராத்துக்கும் கசானுக்கும் அனுப்பப் போகிறார்கள்?

அங்கே நடப்பதைப் பார்ப்போம். சோவியத் போனதும் அரசுப் பணம் வற்றியது. கட்டணம் வாங்கிப் படிக்கவைக்கச் சட்டம் வழிவிட்டது. ரஷ்யப் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணில் ‘பட்ஜெட்’ இடத்தில் இலவசமாகப் படிக்கிறார்கள், மற்றவர்கள் ‘கான்ட்ராக்ட்’ இடத்தில் பணம் கட்டி. வெளிநாட்டு மாணவர்கள் கொண்டுவரும் பணம் பல மருத்துவப் பல்கலைக்கழகங்களுக்குப் பெரிய ஆதாரம். அதற்காக ஆங்கிலக் குழுக்கள் வந்தன. நம்முடைய தேசிய மருத்துவ ஆணையமும் 2021 நவம்பரில் போட்ட விதியில் ஆங்கில வழியில்தான் படித்திருக்க வேண்டும் என்கிறது. படிப்பு குறைந்தது 54 மாதம், அங்கே ஓராண்டு பயிற்சி, இங்கே ஓராண்டு பயிற்சி, படித்த நாட்டிலேயே டாக்டராகத் தொழில்செய்யும் தகுதி. கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். ரஷ்யாவில் தொழில்செய்யும் தகுதிக்கான தேர்வு ரஷ்ய மொழியில்தான் நடக்கிறது. ஆங்கிலத்தில் படி, ரஷ்யனில் தகுதி பெறு என்று நம் ஆணையமே சொல்கிறது. கன்சல்டன்சியின் வண்ணத் தாளில் முதல் பாதி மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது.

மூன்று நான்கு ஆண்டு கழித்து வார்டு. கட்டிலில் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பாட்டி. மாணவர் நோய்க்கதை கேட்டு எழுத வேண்டும். ‘ஷ்தோ பலீத்?’, என்ன வலிக்கிறது என்று கேட்கத் தெரியும், வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பாட்டி பதில் சொல்லத் தொடங்குகிறார். எப்போது ஆரம்பித்தது, எங்கே பரவுகிறது, போன குளிர்காலத்தில் என்ன ஆனது, பக்கத்து வீட்டுக்காரி என்ன மருந்து கொடுத்தாள், எல்லாம் ஒரே மூச்சில். நம் பிள்ளைக்கு நாலில் ஒரு சொல் பிடிபடுகிறது. ஆசிரியர் இரண்டு வரியில் ஆங்கிலத்தில் சுருக்கிச் சொல்ல, அதை எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறார்கள். நோயாளியிடம் பேசிக் கற்க வேண்டிய கல்வி அங்கேயே கைநழுவுகிறது. அங்கே படித்துத் திரும்பியவர்கள் பலரிடம் கேட்டிருக்கிறேன். ரஷ்யனை ஒழுங்காகக் கற்றவர்கள் மட்டும் தங்கள் ஆசிரியர்களைப் பெயர் சொல்லி, அன்போடு பேசுகிறார்கள். மற்றவர்கள் குளிரைப் பற்றியும் மெஸ்ஸைப் பற்றியும் பேசுகிறார்கள்.

திரும்பி வந்தால், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. தகுதித் தேர்வு. 300-க்கு 150 எடுக்க வேண்டும், ஆண்டுக்கு இரண்டு முறை. 2002 முதல் இருக்கிற இந்தத் தேர்வில், எல்லா நாட்டிலும் படித்தவர்களைச் சேர்த்துப் பார்த்தால், பெரும்பாலான முறைகளில் ஐந்தில் ஒருவரை ஒட்டித்தான் தேறுகிறார்கள். பழியை முழுக்க ரஷ்யாவின் தலையில் போட முடியாது. இங்கே எம்.பி.பி.எஸ். முடித்த எல்லோரையும் இதே தேர்வை எழுதச் சொன்னால் என்ன ஆகும் என்பது நியாயமான கேள்வி. அங்கே கண்ட நோய்கள் வேறு, இங்கே கேட்கும் நோய்கள் வேறு. வாயால் சொல்லிப் பழகியவருக்குக் கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு வேறு பழக்கம். ஆனால் தேறாதவர் மீண்டும் கோச்சிங்குக்குப் பணம் கட்டுகிறார், ஆண்டுகள் போகின்றன, வீட்டில் வட்டி ஏறுகிறது. அந்தக் கணக்கைக் கன்சல்டன்சியில் யாரும் போட்டுக் காட்டுவதில்லை.

உக்ரைன் போரை விட்டுவிட்டு இன்று ரஷ்யக் கல்வியைப் பேச முடியாது. 2022-இல் உக்ரைனிலிருந்து நம் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் ஓடிவந்தார்கள். அவர்களில் சிலர் படிப்பைத் தொடர ரஷ்யாவுக்கே போனார்கள். அந்த மார்ச் மாதத்தில் ரஷ்யப் பல்கலைக்கழகத் தலைவர்களின் சங்கம் போரை ஆதரித்து அறிக்கை விட்டது. நூற்றுக்கு மேற்பட்ட ரெக்டர்கள் கையெழுத்திட்டார்கள். மாணவர் மனுவை எடுத்துக்கொண்டு அமைச்சரிடம் போன மெந்தெலேயெவின் நாடு இது. 2003-இல் சேர்ந்த ஐரோப்பிய பொலோன்யா ஏற்பாட்டிலிருந்தும் ரஷ்யா விலகுகிறது. நான்காண்டு இளங்கலை, இரண்டாண்டு முதுகலை என்ற முறையை மாற்ற 2023-இல் ஆறு பல்கலைக்கழகங்களில் சோதனை தொடங்கினார்கள். ஆறாண்டு மருத்துவப் படிப்பை இது அதிகம் தொடாது. 2024 ஆகஸ்டில் கூர்ஸ்க் வட்டாரமே போர்க்களமானது. அதே ஆண்டில், உதவியாளர் வேலை என்று ஏஜெண்ட் சொன்னதை நம்பிப் போன ஹைதராபாத் இளைஞர் ஒருவர் போர்முனையில் செத்தார். அவர் மாணவர் அல்லர். ஏஜெண்ட் என்ற ஆள் மட்டும் இரண்டு கதையிலும் பொது.

ஆகவே பெற்றோருக்குச் சில சொற்கள். பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்பதோடு நிற்காதீர்கள்; வார்டில் எந்த மொழியில் பாடம் நடக்கிறது என்று கேளுங்கள். முதல் ஆண்டில் வாரத்துக்கு எத்தனை மணி ரஷ்யன் என்று கேளுங்கள். அங்கே இப்போது படிக்கும் ஒரு பிள்ளையோடு ஏஜெண்ட் இல்லாமல் பேசுங்கள். படித்த நாட்டில் தொழில்செய்யும் தகுதி எப்படிப் பெறுவது என்பதை எழுத்தில் வாங்குங்கள். பதில் மழுப்பலாக வந்தால் பணத்தை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒன்று. போவதற்கு முந்தைய ஆண்டே ரஷ்ய எழுத்தைத் தொடங்குங்கள். 33 எழுத்துதான், 247 எழுத்துக்குப் பழகியவர்கள் நீங்கள். தார்நாகாவில், உஸ்மானியாவை ஒட்டி இருக்கும் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிப் பல்கலைக்கழகத்தில் ரஷ்ய மொழித் துறை இருக்கிறது. போவன்பள்ளியிலிருந்து செகந்தராபாத் ஸ்டேஷன் வழியாகப் போனால் ஒரு பஸ் தூரம்.

அறக்கட்டளைக் குடும்பத்தாருக்கும் ஒரு கோரிக்கை. அடுத்த ஆண்டு இந்தச் சொற்பொழிவுக்கு ஒதுக்கும் தொகையில் பாதியை, ரஷ்யாவுக்குப் படிக்கப் போகவிருக்கும் இரண்டு பிள்ளைகள் ரஷ்யன் கற்கும் செலவுக்குக் கொடுங்கள். என்னைப் போன்றவர்கள் மேடையில் அரை மணி நேரம் குறைவாகப் பேசினால் யாருக்கும் நஷ்டமில்லை.